மேலகரத்துத் திருத்தக்காரம்மா

சங்கரேஸ்வரி மேலகரத்து வீட்டு வாசலில் பலகை மாட்டிய முதல் வாரத்திலேயே ஏழு பேர் வந்து மணி அடித்துவிட்டார்கள். ஏழு பேரில் ஒருவர்கூடப் புத்தகம் எழுதியவர் இல்லை. மூன்று பேருக்கு ஆதார் அட்டையில் பிறந்த தேதி தப்பாக இருந்தது. இரண்டு பேர் ரேஷன் கார்டில் மருமகள் பெயரைச் சேர்க்க வந்தவர்கள். ஆறாவதாக வந்த பெரியவர் பத்திரத்தில் சர்வே நம்பர் மாறிக் கிடப்பதைச் சொல்லி அரை மணி நேரம் புலம்பினார். ஏழாவதாக வந்த அம்மாள், மகளுடைய கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கிறது, பயிற்சி கொடுத்துச் சரியாக்க எத்தனை நாளாகும் என்று கேட்டாள்.

தப்பு பலகையில்தான் இருந்தது. 'நூல் திருத்தம், எழுத்துப் பயிற்சி' என்று அவள் எழுதிக் கொடுத்திருந்தாள். பிளெக்ஸ் அடித்தவர்கள் 'நூல்' என்பதை மூலையில் சின்னதாக ஒதுக்கிவிட்டு, 'திருத்தம்' என்பதைத் தேர்தல் சுவரெழுத்து மாதிரி சிவப்பில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். கழற்றிவிடலாம் என்றாள். கணவர் காமராஜ் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஏட்டி, வீடு தேடி ஆளு வருதுல்லா? அது சும்மாவா? ஒரு பாரந்தான, நிரப்பிக் குடு. இன்னைக்கு ஆதாருக்கு வந்தவன் நாளைக்குப் புஸ்தகத்துக்கு வருவான்."

"ஆதாருக்கு வந்தவரு எதுக்குங்க புஸ்தகம் எழுதப் போறாரு?"

"உனக்கென்னட்டி தெரியும், எவன் என்னத்த எழுதி வச்சிருக்கான்னு?"

காமராஜ் விளையாட்டாகச் சொன்ன பேச்சு அது. ஆனால் அவள் பிற்காலத்தில் நன்றியோடு நினைத்துக்கொண்ட பேச்சுகளில் அதற்கு முதலிடம்.

சங்கரேஸ்வரி தென்காசியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா தபால்காரர். தமிழ் எம்.ஏ. முடித்ததும் கல்யாணமாகிச் சென்னைக்குப் போனாள். அங்கே ஒரு பதிப்பகத்தில் பிழைதிருத்துகிற வேலை கிடைத்தது. பதினெட்டு வருஷம் அதே நாற்காலி, அதே ஜன்னல். எழுத்தாளர்கள் வருவார்கள், முதலாளி அறைக்குள் போவார்கள், காபி குடித்துவிட்டுப் போவார்கள். அவளை யாருக்கும் தெரியாது. ஆனால் அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு புள்ளிகூட அச்சுக்குப் போகாது என்று முதலாளி வெளியாட்களிடம் சொல்வாராம். அதை மற்றவர்கள் வந்து சொல்லும்போது அவளுக்கு உள்ளூரக் குளிர்ந்துவிடும்.

கொரோனா வந்த வருஷத்தில் பதிப்பகத்தை மூடினார்கள். காமராஜ் கார் ஓட்டிக்கொண்டிருந்த கம்பெனியும் ஆட்களை நிறுத்திவிட்டது. ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். அவர் பழைய லோடு ஆட்டோ ஒன்றை வாங்கி, சீசனில் மங்குஸ்தானும் ரம்புட்டானும், மற்ற நாளில் செங்கோட்டைச் சந்தைக்குக் காய்கறியும் ஏற்ற ஆரம்பித்தார். அவள் மாடி அறையில் ஒரு மேஜையைப் போட்டு, கம்ப்யூட்டரை வைத்து உட்கார்ந்தாள். ஆய்வேடுகள் வந்தன. கும்பாபிஷேக மலர் வந்தது. ஒரு சர்ச்சின் நூற்றாண்டு மலர் வந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் நானூறு வெண்பாக்களைக் கொடுத்துவிட்டு, "தளை தட்டுதான்னு மட்டும் பாத்தா போதும், வேற கையே வைக்கப்படாது" என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனார். சனிக்கிழமைகளில் போன் வழியாக நாலைந்து பேருக்கு எழுத்துப் பயிற்சி வகுப்பும் நடத்தினாள். வண்டி ஓடியது. இதற்கிடையில் ஆதார் பாரமும் நிரப்பிக் கொடுத்துக் கொடுத்து, தெருவில் அவளுக்குத் 'திருத்தக்காரம்மா' என்று பெயரே வந்துவிட்டது.

ஒரு மார்ச் மாதம், வெயில் ஏறிக்கொண்டிருந்த முற்பகலில், ஐம்பத்து மூன்று ஐம்பத்து நாலு வயசு மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, கட்டம்போட்ட சட்டை, பெரிய கைகள். உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் அந்தக் கைகள் மட்டும் இன்னும் பெரிய ஆள் ஒருவருடையவை போலிருந்தன.

"ஆதாருல பேரு திருத்தணும்மா."

"என்ன பேரு அண்ணாச்சி?"

"சிவனணைந்தபெருமாள். நடுவுல ஒரு எழுத்த முழுங்கிட்டாக. சிவனைந்தபெருமாள்னு கிடக்கு. பேங்க்ல வாசிச்சிட்டுச் சிரிக்குதாக."

அவள் பாரத்தை எடுத்து நிரப்பினாள். அவர் அலமாரியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இம்புட்டும் நீங்க எழுதினதாம்மா?"

"இல்ல அண்ணாச்சி. வேற ஆளுக எழுதினது. நான் திருத்திக் குடுத்தது."

"புஸ்தகத்தையுமா திருத்துவாக?"

"ஆமா. எழுதுறவங்க வேகத்துல எழுதிருவாங்க. தப்பு இருக்கும். சொன்னதையே திரும்பச் சொல்லியிருப்பாங்க. அதையெல்லாம் ஒழுங்குபடுத்தணும்ல."

"ஓ" என்றார். கையெழுத்துப் போட்ட பாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். ஒரு காலில் செருப்பை மாட்டினார். மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பவும் உள்ளே வந்தார்.

"நானும் ஒரு நோட்டு எழுதி வச்சிருக்கேன். நோட்டுன்னா, மூணு நோட்டு."

குற்றாலத்தில் மெயின் அருவிக்குப் பக்கத்தில் முப்பது வருஷமாக எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் அவர். சீசனிலும் ஐயப்ப பக்தர்கள் வருகிற மாதங்களிலும் மூச்சுவிட நேரமிருக்காது. கொரோனாவில் அருவியை அடைத்துவிட்டார்கள். "கை சும்மா இருக்க மாட்டேங்குதும்மா. பேனாவ எடுத்தேன்" என்றார். பத்தாவது வரை படித்தவர்.

மறுநாள் நோட்டுகள் வந்தன. ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. சங்கரேஸ்வரி பத்து மணிக்குப் புரட்ட ஆரம்பித்தவள், மதியம் காமராஜ் சாப்பாட்டுக்கு வந்து நிற்கும்போதுதான் அடுப்புப் பற்றவைக்காத ஞாபகம் வந்து எழுந்தாள்.

முழுக்க முழுக்க முதுகுகள். அவர் தேய்த்த முதுகுகள். முப்பது வருஷம் பேசாமலிருந்த அண்ணனும் தம்பியும் ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் ஒரே நாளில் அருவிக்கு வந்து, அடுத்தடுத்த கல்லில் எண்ணெய் தேய்க்க உட்கார்ந்த கதை. ஆபரேஷன் தழும்பை யாரும் பார்க்கக் கூடாதென்று சட்டையோடு குளிக்க வந்த பையனுடைய கதை. பத்து வருஷம் விடாமல் ஜூலை முதல் ஞாயிறு வந்த திருவனந்தபுரத்துக்காரர் பதினொன்றாம் வருஷம் வராமல்போக, அவருடைய மனைவி தனியாக வந்து பெருமாளைத் தேடிப்பிடித்து, "நிங்ஙளோடு பறயணம் எந்நு தோந்நி", உங்களிடம் சொல்லணும்னு தோன்றியது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப்போன கதை. இப்படி ஒரு புத்தகத்தைத் தமிழில் யாரும் எழுதவில்லை என்று சங்கரேஸ்வரிக்கு உடம்பெல்லாம் தெரிந்தது. பெரிய வேலை ஒன்று கைக்கு வந்திருக்கிறது. பதினெட்டு வருஷம் கற்ற வித்தை அனைத்தையும் இதில் காட்டிவிட வேண்டும்.

காட்டினாள். இரண்டு மாதம் வேறு வேலை தொடவில்லை. மூன்று நோட்டையும் தட்டச்சு செய்து, வரி வரியாகச் செதுக்கினாள். நோட்டில் இப்படி இருந்தது: 'அவுக முதுகு கல்லு கணக்கா இருந்துச்சு. நான் ஒண்ணும் கேக்கல. தேச்சேன். தேச்சுக்கிட்டே இருந்தேன். பொறவு அவுகளே சொன்னாக.' அவள் அதை இப்படி ஆக்கினாள்: 'அவரது முதுகு கருங்கல்லைப் போல் இறுகிக் கிடந்தது. நான் ஏதும் வினவாமல் தொடர்ந்து தேய்த்தேன். சற்று நேரத்தில் அவரே மனம் திறந்தார்.' வாசித்துப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. ஒரு புள்ளி பிசகில்லை.

மே மாதக் கடைசியில் நூற்று நாற்பது பக்கத்தையும் அச்செடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டுப் பெருமாளிடம் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கி முதல் பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"நல்லாருக்கும்மா. வீட்டுல வாசிச்சுட்டு வந்து சொல்லுதேன்."

ஜூன் போயிற்று. சாரல் விழுந்து, மேலகரம் ரோட்டில் கேரளா வண்டிகள் வரிசையாய்ப் போக ஆரம்பித்தன. பெருமாள் வரவில்லை. சீசன் வேலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஜூலையிலும் வரவில்லை. இரண்டு தடவை போன் பண்ணினாள். "வாரேம்மா, வாரேம்மா" என்றார். அந்தக் குரலில் ஏதோ ஒரு கூச்சம் இருந்தது. அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை குடையை எடுத்துக்கொண்டு குற்றாலம் பஸ் ஏறினாள்.

அருவிக்கரையில் கூட்டம் தள்ளியது. ஈரத்துண்டும் சிப்ஸ் வாசமும் எண்ணெய் வாசமும் கலந்த கூட்டம். பெருமாள் ஒரு கனத்த மனிதரைக் கல்லில் குப்புறப் படுக்கவைத்துத் தோளைப் பிசைந்துகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை மாதிரி முழித்தார். வேலையை முடித்து, கையை மணலில் தேய்த்துக் கழுவிவிட்டு, "வீடு பக்கந்தான், காசிமேஜர்புரம். ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்று கூட்டிப்போனார்.

வீட்டில் அவர் மனைவி உலகம்மை இருந்தாள். லாட்ஜ் ஒன்றில் அறை கூட்டித் துடைத்து, போர்வை துவைக்கிற வேலை. அப்போதுதான் வேலை முடிந்து வந்து ஈரப் புடவையை மாற்றியிருந்தாள். டீ போட்டுக் கொடுத்தாள். ஸ்பைரல் போட்ட அந்தப் பிரதி சாமி படத்துக்குக் கீழே, குங்குமம் வைத்து, பத்திரமாக இருந்தது.

"வாசிச்சீங்களா அண்ணாச்சி?"

"வாசிச்சேம்மா. ரொம்ப உயர்வா எழுதிருக்கிய. எனக்குத்தான் அந்த அளவுக்குத் தகுதியில்ல" என்றார் பெருமாள்.

"தகுதிக்கு என்ன வந்துச்சு? நீங்க எழுதினதுதான?"

அவர் தரையைப் பார்த்தார். உலகம்மைதான் வாயைத் திறந்தாள்.

"நான் சொல்லுதேன். நீங்க தப்பா எடுத்துக்கிடப்படாது. எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. இவுக நோட்டுல எழுதுனத சாயங்காலம் எனக்கு வாசிச்சுக் காட்டுவாக. நான் அங்கன சட்டி கழுவிக்கிட்டே கேப்பேன். சில நாளு கழுவுறத நிப்பாட்டிருவேன். நீங்க குடுத்ததையும் வாசிச்சாக. ரெண்டு பக்கம் தாண்டல, எனக்குத் தூக்கம் வந்துட்டு. மறுநாளும் வாசிச்சாக. மறுநாளும் தூக்கம் வந்துட்டு. இது யாரு எழுதுனதுன்னு கேட்டேன். நான்தான்னு சொல்லுதாக. அதுல யாரோ ஆபீசர்லா பேசுதாரு? எங்க வீட்டு ஆளக் காணுமேம்மா."

"ஏ, சும்மா இரு" என்றார் பெருமாள்.

"அவுக கேக்காகல்லா? கேட்டா சொல்லணும்லா?"

சங்கரேஸ்வரி டீயைக் குடித்து முடித்தாள். என்ன ருசி என்று தெரியவில்லை. "சரிதான், பாத்துச் சொல்றேன்" என்று எதையோ சொல்லி எழுந்து, நோட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். மேலகரம் நிறுத்தத்தில் இறங்க மறந்து தென்காசி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டாள். கோபம்தான் முதலில் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவள் என் திருத்தத்துக்குக் குறை சொல்வதா? பதினெட்டு வருஷத்தில் எத்தனை பேர், எத்தனை புத்தகம். ஒருவர் இப்படிச் சொன்னதுண்டா?

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது அந்தக் கேள்விக்குப் பதிலும் வந்தது. ஒருவரும் சொன்னதில்லை. ஏனென்றால் ஒருவரையும் அவள் சந்தித்ததில்லை. திருத்திய தாள் முதலாளி அறைக்குள் போகும். அத்தோடு சரி. எழுதியவர் வீட்டில் அதை வாசித்து எப்படி இருந்தார் என்று அவளுக்கு யார் வந்து சொல்லப்போகிறார்கள்?

அன்று சாயங்காலம் காமராஜ் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் தன்னுடைய பிரதியிலிருந்து அண்ணன் தம்பி கதையை வாசித்துக் காட்டினாள். அவர் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டே போனை எடுத்து நாளைய லோடு பற்றிய மெசேஜைப் பார்க்க ஆரம்பித்தார். வாசிப்பதை நிறுத்திவிட்டு நோட்டை எடுத்தாள். அதே கதை. 'தேச்சேன். தேச்சுக்கிட்டே இருந்தேன்' வந்த இடத்தில் அவள் குரலே மாறுவது அவளுக்குக் கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள். காமராஜின் கை தட்டில் அப்படியே நின்றுவிட்டிருந்தது.

"ஏன் நிப்பாட்டிட்ட? அந்தத் தம்பிக்காரன் எந்திரிச்சுப் போயிட்டானா?" என்றார்.

அவள் அழுதுவிட்டாள். அவர் பதறிப்போனார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது. அழுதுகொண்டே, "போகல, போகல. கேளுங்க" என்று மிச்சத்தை வாசித்தாள்.

மறுநாள் முதல் வேலையாக ஷெர்லினுக்குப் போன் போட்டாள். ஷெர்லின் சுரண்டைக்காரி, குவைத்தில் நர்ஸ். சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்து, வார்டில் நடப்பதையெல்லாம் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தவள். இரண்டு மாதமாக டியூட்டி மாறிவிட்டது என்று வகுப்புக்கு வருவதில்லை. அவள் கடைசியாக அனுப்பிய கட்டுரையைச் சங்கரேஸ்வரி முந்தைய இரவு எடுத்துப் பார்த்திருந்தாள். வரிக்கு மூன்று சிவப்புக் கோடு.

"ஷெர்லின், உனக்கு டியூட்டி மாறலைல்ல?"

"இல்லக்கா" என்றாள். "எனக்கு எழுத வரலன்னு நெனச்சுட்டேன்."

"உனக்கு நல்லா வருது. எனக்குத்தான் கேக்க வரல. நான் திருத்தினதை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு, நீ முதல்ல எழுதினதை வாசி. நான் குறுக்க பேச மாட்டேன்."

ஷெர்லின் வாசித்தாள். சங்கரேஸ்வரி பேனாவை மேஜை டிராயருக்குள் வைத்து மூடிவிட்டுக் கேட்டாள். அந்தச் சனிக்கிழமையிலிருந்து வகுப்பின் ஒழுங்கு மாறியது. எழுதியவர் முதலில் வாய்விட்டு வாசிக்க வேண்டும். எங்கே கேட்கிறவர்களுக்குக் கவனம் சிதறுகிறதோ அங்கே மட்டும் பேச்சு.

பெருமாளின் புத்தகத்தை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். சீசன் முடிந்து அருவிக்கரை ஓய்ந்த செப்டம்பர் மாதம். வாரத்தில் இரண்டு மத்தியானம் அவர் மேலகரத்துக்கு வருவார். நோட்டைப் பார்த்து வாசிப்பார். சில இடத்தில் எழுதியதை விட்டுவிட்டுச் சொல்ல ஆரம்பித்துவிடுவார், எழுத்தைவிடச் சொன்னது நன்றாக இருக்கும். அவள் அதைக் குறித்துக்கொள்வாள். திருத்தமே செய்யவில்லை என்றில்லை. ஒரே கதை இரண்டு நோட்டில் வந்ததை ஒன்றாக்கினாள். யார் எவர் என்று புரியாத இடத்தில் ஒரு வரி கேட்டு வாங்கிச் சேர்த்தாள். ஒற்று விட்டுப்போன இடத்தில் போட்டாள். ஆனால் 'அவுக'வை 'அவர்' ஆக்கவில்லை. 'பொறவு' பொறவாகவே நின்றது.

"என்னம்மா, இம்புட்டுத் தப்பையும் விட்டுட்டியளே?" என்று அவரே கவலைப்பட்டார்.

"அது தப்பில்ல அண்ணாச்சி. அது நீங்க."

அக்டோபர் கடைசியில் மூன்றாவது நோட்டும் முடிந்தது. சங்கரேஸ்வரிக்கு ஏதோ ஒன்று குறைகிற மாதிரியே இருந்தது. இரண்டு நாள் யோசித்தாள். பிறகு கேட்டாள்.

"அண்ணாச்சி, ஊருலகத்து முதுகு எல்லாம் இதுல வந்துட்டு. உங்களுக்கு யாரு எண்ணெய் தேச்சு விட்டா?"

அவர் பெரிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். மேற்கே மலைமேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

"அத எழுதணுமாம்மா?"

"எழுதணும்னு கட்டாயமில்ல. இருந்தா சொல்லுங்க."

"பத்து வருஷத்துக்கு முன்ன பாசி வழுக்கி விழுந்து, வலது தோளு இறங்கிட்டு. கைய அசைக்க முடியல. அந்த வருஷ ஐயப்ப சீசனே போச்சு." அவ்வளவுதான் சொன்னார். எழுந்து போய்விட்டார். அதற்கப்புறம் இரண்டு வாரம் ஆளைக் காணவில்லை. அவசரப்பட்டுக் கேட்டுக் கெடுத்துவிட்டோமோ என்று சங்கரேஸ்வரி வருந்திக்கொண்டிருந்தாள்.

பதினைந்தாம் நாள் போன் வந்தது. "வீட்டுக்கு வாங்க. அவளும் இருக்கணும்" என்றார்.

புதிதாக ஒரு நோட்டு வாங்கியிருந்தார். ஒன்பது பக்கம் எழுதியிருந்தார். உலகம்மை அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவர் வாசிக்க ஆரம்பித்தார். தோள் இறங்கிக் கிடந்த மூன்று மாதமும் உலகம்மை பகலெல்லாம் லாட்ஜில் துவைத்துவிட்டு வந்து, சாயங்காலம் அவரைத் தரையில் உட்காரவைத்துத் தோளுக்கு எண்ணெய் போட்டதை எழுதியிருந்தார். தனக்குத் தெரிந்த தொழில் என்பதால், இங்கன அழுத்து, அங்கன அழுத்தாதே என்று தான் அதட்டியதையும் எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில் இப்படி இருந்தது: 'ஒருநா என் தோளுல எரிஞ்சுச்சு. எண்ணெயில மிளகாய் பட்டிருக்கான்னு ஏசினேன். அவ ஒண்ணும் சொல்லல. கைய மறைச்சுக்கிட்டா. பிடிச்சு விரிச்சுப் பாத்தேன். விரலு இடுக்கெல்லாம் பிளீச்சிங் பவுடரு அரிச்சுத் தோலு உரிஞ்சு கிடந்துச்சு. எத்தன ஆயிரம் பேரு முதுகப் பாத்திருக்கேன். எம் பொண்டாட்டி கைய அன்னைக்குத்தான் பாத்தேன்.'

வாசித்து முடித்தார். உலகம்மையின் மடியில் கீரை பாதி உருவியபடியே கிடந்தது. சங்கரேஸ்வரி அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் தரையைப் பார்த்தாள்.

"மூணு மாசம்னு போட்டிருக்காக" என்றாள் உலகம்மை.

"என்னது?" என்றார் பெருமாள்.

"நான் தேச்சு விட்டது அஞ்சு மாசம். ஆவணில விழுந்திய, தை வரைக்கும் தேச்சேன். தப்பாப் போட்டிருக்கிய. திருத்துங்க."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பெருமாள் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, 'மூணு' என்பதை அடித்து 'அஞ்சு' என்று எழுதினார். சங்கரேஸ்வரி தன் வாழ்நாளில் எத்தனையோ திருத்தம் செய்திருக்கிறாள். அந்த ஒற்றைச் சொல் திருத்தத்துக்கு ஈடாக ஒன்றும் அவள் நினைவுக்கு வரவில்லை.

போகும்போது உலகம்மையின் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு நீங்க மட்டும் சொல்லலைன்னா நான் இந்தப் புஸ்தகத்தையே கொன்னுருப்பேன். ரொம்ப நன்றி" என்றாள்.

"எனக்கு எதுக்கும்மா நன்றி? எனக்குத் தூக்கம் வந்துச்சு, சொன்னேன்" என்றாள் உலகம்மை.

திருநெல்வேலியில் உள்ள ஒரு சின்னப் பதிப்பகம் புத்தகத்தை எடுத்துக்கொண்டது. அச்சுக்குப் போகிற நேரத்தில் பெருமாள் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். முன்பக்கத்தில் போட வேண்டிய நன்றியுரை. அதில் சங்கரேஸ்வரியைப் பற்றி ஆறேழு வரி இருந்தது. 'என் தங்கச்சி மாதிரி' என்று தொடங்கி, 'நான் வச்ச எழுத்தை எனக்கே திருப்பிக் குடுத்தவக' என்று முடிந்தது. அவளுக்கு மூக்கின் நுனி சிவந்துவிட்டது.

"இது வேண்டாம் அண்ணாச்சி. திருத்தறவங்க பேரைப் போடறது வழக்கமில்ல. ஒரு வரியாச் சுருக்கிடலாம். இங்க ஒரு ஒற்றும் விட்டுப்போயிருக்கு."

பெருமாள் தாளை அவள் கையிலிருந்து உருவிக்கொண்டார்.

"இந்தப் பக்கத்துல மட்டும் நீங்க கை வைக்கப்படாது. பேரைப் போடாம இருக்கறதுதான் வழக்கம்னா, அது நல்ல வழக்கமில்ல."

பதினெட்டு வருஷமும் அதன்பின் நாலு வருஷமும் கழித்து, சங்கரேஸ்வரியின் பெயர் முதல்முறையாக ஒரு புத்தகத்துக்குள் அச்சாயிற்று, விட்டுப்போன ஒற்றோடு. காமராஜ் பத்துப் பிரதி வாங்கி லோடு ஆட்டோவில் வைத்துக்கொண்டு, செங்கோட்டைச் சந்தையில் தெரிந்தவருக்கெல்லாம் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் விரித்துக் காட்டினார்.

அடுத்த சீசன் தொடக்கத்தில், உலகம்மை வேலை பார்க்கிற லாட்ஜின் சாப்பாட்டு ஹாலில் புத்தகத்தை வெளியிட்டார்கள். லாட்ஜ்காரர் மேஜைகளை ஒதுக்கி இடம் கொடுத்தார். எண்ணெய் தேய்க்கிறவர்கள் இருபது பேர், துவைக்கிற பெண்கள், சிப்ஸ் கடைக்காரர்கள் என்று ஹால் நிறைந்துவிட்டது. லீவுக்கு வந்திருந்த ஷெர்லினும் சுரண்டையிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். குவைத்தில் அவள் எழுதியது பதினான்கு கட்டுரை ஆகியிருந்தது. பெருமாளைப் பேசச் சொன்னார்கள். அவர் மைக்கைக் கையில் வாங்கினார்.

"எனக்குப் பேச வராது. வாசிக்கேன்" என்று சொல்லி அந்த ஒன்பது பக்கத்தை வாசித்தார். அஞ்சு மாசம் என்ற இடத்தில் நிறுத்தி, கூட்டத்தில் உலகம்மை எங்கே என்று பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். துவைக்கிற பெண்களில் இரண்டு பேர் தங்கள் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டதைச் சங்கரேஸ்வரி பார்த்தாள்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது மணி நாலு. சாரல் தூவிக்கொண்டிருந்தது. உலகம்மை கையில் ஒரு எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றாள்.

"ஊருக்கு வந்து நாலு வருஷமாகுதே, ஒருநாளாச்சும் அருவியில தலையக் குடுத்தியளா?"

சங்கரேஸ்வரி யோசித்துப் பார்த்தாள். இல்லை. அஞ்சு கிலோமீட்டர் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருநாளும் வரவில்லை. மேஜையும் தாளும்தான்.

"மாத்துப் புடவை கொண்டாரலியே."

"என்கிட்ட இருக்கு. உக்காருங்க இங்கன."

லாட்ஜின் பின்படியில் உட்காரவைத்து, உலகம்மை அவள் தலையில் எண்ணெயை ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தாள். சொரசொரப்பான விரல்கள். நெற்றியிலிருந்து பிடரிவரைக்கும் நிதானமாக இறங்கின. பதினெட்டு வருஷம் குனிந்தே இருந்த கழுத்தில் அந்த விரல்கள் நின்று, ஒரு முடிச்சைத் தேடிப்பிடித்து அழுத்தின. "எம்மா, என்னா இறுக்கம்!" என்றாள் உலகம்மை. வேறு எதுவும் கேட்கவில்லை.

பிறகு ஷெர்லினையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாக ஐந்தருவிக்கு ஆட்டோவில் போனார்கள். பெண்கள் பக்கத்தில் கூட்டம் குறைந்திருந்தது. தண்ணீர் தலையில் விழுந்ததும் சங்கரேஸ்வரிக்கு மூச்சு முட்டியது. கம்பியைப் பிடித்துக்கொண்டாள். உலகம்மை அவள் தோளைப் பிடித்து இன்னும் உள்ளே தள்ளினாள். இரைச்சலில் உலகம்மை எதையோ சத்தமாகச் சொன்னாள். ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. சங்கரேஸ்வரி சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள்.